ஒப்புதலைச் சோதிக்கத் தெரிந்த துப்பறிவாளர்: தமிழ்நாடு காவலர் உயர் பயிற்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் அவர்களும் புலனாய்வுப் பாடம் நடத்தும் பயிற்றுநர்களும்,
தமிழ்நாடு காவலர் உயர் பயிற்சியகம்,
ஊனமாஞ்சேரி, வண்டலூர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். அமர்வு நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். உங்கள் பயிற்சியகத்திலிருந்து வெளியேறும் உதவி ஆய்வாளர்களும் துணைக் கண்காணிப்பாளர்களும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்த மாநிலத்தின் காவல் நிலையங்களில் மனிதர்களை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கப் போகிறவர்கள். அந்தக் கேள்வி கேட்கும் வேலையை ஒரு தொழில்திறனாகக் கற்பிக்க வேண்டும் என்றும், அதற்கான முதல் பாடமாக அமெரிக்கத் துப்பறிவாளர் ஒருவரின் பணிவாழ்வை வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதே என் நோக்கம். அந்தப் பணிவாழ்வை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

அவர் பெயர் ஜேம்ஸ் டிரெய்னம். வாஷிங்டன் மாநகரக் காவல்துறையில் 27 ஆண்டுகள் பணியாற்றினார். அதில் பெரும்பகுதி கொலை வழக்குப் பிரிவில் கழிந்தது. 1994இல் கூட்டாட்சி அரசின் ஊழியர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டு ஆற்றங்கரையில் கிடந்தார். அவருடைய கடன் அட்டையைக் கொண்டு யாரோ பொருள் வாங்கியிருந்தார்கள். பணம் எடுக்கும் இயந்திரத்தின் கண்காணிப்புப் படத்தில் ஒரு பெண்ணின் உருவம் பதிவாகியிருந்தது. அந்த உருவத்தை ஒத்த ஒரு பெண், வீடற்றோர் விடுதி ஒன்றில் தங்கியிருந்தவர், விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டார். ரசீதுகளில் இருந்த கையெழுத்து அவருடையதோடு ஒத்துப்போவதாக வல்லுநர் ஒருவரும் கருத்துச் சொல்லியிருந்தார். டிரெய்னமும் உடன் பணியாற்றியவர்களும் பல மணி நேரம் அவரிடம் பேசினார்கள். ஒருவரும் கை ஓங்கவில்லை, மிரட்டவில்லை, பட்டினி போடவில்லை. அன்றைய அமெரிக்கக் காவல்துறை ஏற்றுக்கொண்டிருந்த முறைகளை மட்டுமே கையாண்டார்கள். தொடக்கத்தில் தனக்கு எதுவுமே தெரியாது என்று சொன்ன அந்தப் பெண், நேரம் செல்லச் செல்ல ஒத்துழைக்கத் தொடங்கி, கொலையின் பல விவரங்களைத் தாமே சொல்லி, முடிவில் முழு ஒப்புதல் கொடுத்தார். அவருக்காக வாதாட வந்த வழக்கறிஞரே, ஒப்புதலைப் பார்த்தபின் தன் கட்சிக்காரர் குற்றவாளிதான் என்று நம்பினார். முதல்நிலைக் கொலைக் குற்றச்சாட்டு பதிவாயிற்று.

நம் நிலையங்களில் பெரும்பாலான வழக்குகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஒப்புதல் கிடைத்துவிட்டது, பொருள் கைப்பற்றப்பட்டுவிட்டது, குற்ற அறிக்கை தாக்கல் செய்ய வேண்டியதுதான் பாக்கி. டிரெய்னம் அங்கே நிற்கவில்லை என்பதுதான் அவரை இந்த மடலுக்குள் கொண்டுவந்த காரணம். வழக்கை மேலும் உறுதிப்படுத்தும் எண்ணத்தில், அந்தப் பெண் தங்கியிருந்த விடுதியின் வருகைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று கையொப்பத்தோடு இருந்த அந்தப் பதிவேடு, கொலை நடந்த நேரத்தில் அவர் அங்கே இருந்திருக்கவே முடியாது என்று காட்டியது. வழக்கு கைவிடப்பட்டது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஒரு பங்கு இருக்கிறது என்றே புலனாய்வாளர்கள் எல்லாரும் நம்பினார்கள். ஒப்புக்கொண்டாரே, செய்யாதவர் ஒப்புக்கொள்வாரா என்பதே அவர்கள் எண்ணம்.

அந்த விசாரணை, அக்காலத்து வழக்கத்துக்கு மாறாக, தொடக்கம் முதல் இறுதிவரை ஒளிப்பதிவு செய்யப்பட்டிருந்தது. ஆண்டுகள் பல சென்றபின் டிரெய்னம் அந்த நாடாக்களை மீண்டும் போட்டுப் பார்த்தார். அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு விவரமும் அதற்குமுன் ஏதோ ஒரு கேள்விக்குள் பொதிந்து அவரிடம் போய்ச் சேர்ந்திருந்ததை அப்போதுதான் கண்டார். கேட்டவர்களுக்கு விடை தெரியும். அந்த விடை கேள்வியின் வழியே கசிந்து எதிரே இருப்பவரிடம் செல்கிறது. அவர் அதைத் திருப்பிச் சொல்லும்போது, குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த செய்தி என்று அது தாளில் ஏறுகிறது. வேண்டுமென்று யாரும் செய்ததல்ல இது. நேர்மையான, திறமையான அதிகாரிகளின் கண்முன்னேயே இது நடந்தது என்பதுதான் அச்சம் தருவது. 2008இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழில் அவர் இதையெல்லாம் தம் பெயரிலேயே எழுதினார். ஒளிப்பதிவும் விடுதிப் பதிவேடும் இல்லாதிருந்தால் அந்தப் பெண் இன்று சிறையில் இருந்திருப்பார் என்றும், தவறான ஆளைப் பிடித்துக்கொண்டதால் உண்மையான கொலையாளி அகப்படவே இல்லை என்றும் அதில் ஒப்புக்கொண்டார். பின்னர் பழைய வழக்குகளை மறு ஆய்வு செய்யும் பணியில் ஈடுபட்டார். ஓய்வுக்குப்பின் பொய்யான ஒப்புதல்கள் எப்படி உருவாகின்றன என்பதைப் பற்றி நூல் எழுதினார். நீதிமன்றங்களில் வல்லுநராகச் சாட்சியமும் அளித்தார்.

ஒரு நாள் வகுப்பை முழுவதுமாக இந்த ஒரு வழக்குக்கே நீங்கள் ஒதுக்கினாலும் தகும். விசாரணையில் வல்லவர் என்று பெயரெடுத்த ஒருவர், தாம் வாங்கிய ஒப்புதலைத் தாமே சோதித்துப் பொய்யென்று கண்டு, அதை மறைக்காமல் அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார் என்பது காவல் பணியில் அரிதான செய்தி. அந்த அரிய குணத்தைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விசாரணைத் திறமைக்கு எடுத்துக்காட்டாகப் பொதுவாகக் காட்டப்படும் இன்னொரு வழக்கு கனடாவில் நடந்தது. 2010 பிப்ரவரி 7ஆம் நாள் ஒட்டாவா காவல் தலைமையகத்தில், ஒண்டாரியோ மாகாணக் காவல்துறையைச் சேர்ந்த ஜிம் ஸ்மித் என்ற துப்பறிவாளர், டிரென்டன் விமானப்படைத் தளத்தின் தளபதியான கர்னல் ரசல் வில்லியம்ஸை விசாரித்தார். ஒரு பெண் கொல்லப்பட்ட வழக்கிலும் இன்னொரு பெண் காணாமற்போன வழக்கிலும் சந்தேகம் அவர்மேல் விழுந்திருந்தது. ஏறத்தாழப் பத்து மணி நேரம் நீண்ட அந்த விசாரணையில் ஸ்மித் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தவில்லை. வழக்கறிஞரை அழைக்கும் உரிமையைத் தொடக்கத்திலேயே விளக்கினார். கர்னல் தம் விருப்பப்படி பேச நேரம் கொடுத்தார். பிறகு, காணாமற்போன பெண்ணின் வீட்டருகே பதிந்திருந்த காலணித் தடத்தின் படத்தையும், அன்று விசாரணைக்கு வந்தபோது கர்னல் அணிந்திருந்த காலணியின் தடத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவருடைய வாகனச் சக்கரத் தடமும் பொருந்துவதைச் சொன்னார். நீண்ட மௌனங்கள் இருந்தன. அவற்றை அவர் நிரப்பவில்லை. இறுதியில் கர்னல் பேசினார். காணாமற்போன பெண்ணின் உடல் கிடக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். விசாரணையின் பதிவும் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது.

இரண்டு வழக்குகளிலும் அடி உதை இல்லை. இரண்டிலும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். இரண்டிலும் முடிவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ஆனால் வாஷிங்டனில் அந்தப் பெண் காவலருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததையே சொன்னார். ஒட்டாவாவில் கர்னல் காவலருக்குத் தெரியாத ஓர் இடத்தைக் காட்டினார். செய்தி எந்தத் திசையில் ஓடியது என்பதே ஒப்புதலின் உரைகல். எவ்வளவு விரிவாகப் பேசினார், எவ்வளவு அழுதார், எத்தனை பக்கம் நிரம்பின என்பவையெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இந்த உரைகல் நமக்குப் புதியதன்று. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27ஆம் பிரிவுகளில் இருந்ததும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவில் இப்போது இருப்பதும் இதுவே. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. ஆனால் அந்த ஒப்புதலின் வழியாகப் புதிதாக ஓர் உண்மை வெளிப்பட்டால், அதோடு நேரடித் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். விடுதலைக்குச் சற்று முன், நம் சென்னை மாகாணத்து வழக்கான புலுக்குரி கோட்டய்யாவில், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இதை இன்னும் நுட்பமாக விளக்கியது. கண்டெடுத்த கத்தி மட்டும் உண்மை ஆகாது, அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் அந்த இடத்தைக் குறித்து எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, இருந்த அறிவும் சேர்ந்ததே வெளிப்பட்ட உண்மை என்பது அதன் சாரம். சட்டம் எழுதியவர்கள் ஏன் இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தார்கள் என்பதற்கும் நம் மண்ணிலேயே விடை இருக்கிறது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் அளித்த அறிக்கையில், விரல்களை நெரிக்கப் பயன்பட்ட கிட்டி முதலிய கருவிகளையும், வரி வசூலிக்கவும் ஒப்புதல் வாங்கவும் அவை எப்படிப் பயன்பட்டன என்பதையும் விரிவாகப் பதிவு செய்தது. காவலரிடம் கொடுத்த ஒப்புதலை நம்பாத சட்டம் அதையடுத்த ஆண்டுகளில்தான் உருவாயிற்று. உங்கள் பயிற்சியகத்து மாணவர்கள் இப்பிரிவை ஏதோ எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் தந்திரம் என்று எண்ணாமல், தம் துறையின் வரலாற்றிலிருந்து பிறந்த பாடம் என்று அறிய வேண்டும்.

இன்று அந்தப் பிரிவு எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். குற்ற அறிக்கையோடு இணைக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலங்களைப் பல மாவட்டங்களில் படித்திருக்கிறேன். எதிரி யாராயினும், ஊர் எதுவாயினும், “என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள இடத்தை அடையாளம் காட்டி, எடுத்து ஆஜர் செய்கிறேன்” என்றே அவை முடிகின்றன. நிலைய எழுத்தரின் கை எழுதிய அந்த வாக்கியத்தில் எதிரியின் குரல் எங்கே இருக்கிறது? கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையொப்பம் இடுகிறார்கள்; கைப்பற்றுதலைப் பதியும் மகஜர் தயாராகிறது; அரிவாள் முட்புதரிலிருந்து எடுக்கப்படுகிறது. குறுக்கு விசாரணையில் கிராம நிர்வாக அலுவலர், தாம் போகும்போதே எல்லாம் எழுதி முடிக்கப்பட்டிருந்தது என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு பதிலில் கொலை வழக்கே சரிந்துவிடுகிறது. எதிரி உண்மையிலேயே குற்றவாளியாக இருந்தாலும் அப்படித்தான். செத்தவரின் தாய் நீதிமன்ற வராந்தாவில் நின்றுகொண்டு, ஏன் விடுதலை ஆனான் என்று கேட்கிறார். எந்தத் தரப்புக்காக வாதாடியிருந்தாலும் அந்தக் கேள்விக்கு விடை சொல்வது எனக்கு எளிதாக இருந்ததில்லை.

அவ்வாறு தாளில் ஏறாமல் போகும் ஒரே ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. பயங்கரவாதத் தடுப்புக்கென இருந்த தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றது; அதாவது 1855இன் பாடத்தை அது ஒதுக்கி வைத்தது. 9 வோல்ட் மின்கலங்கள் வாங்கிக் கொடுத்ததாகப் பேரறிவாளனின் ஒப்புதலில் இருந்தது. அதைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்றபின் 2013இல் பொதுவெளியில் ஓர் உண்மையைச் சொன்னார். அவை எதற்காக என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் அந்த வாக்குமூலத்தில் சேர்க்கவில்லை என்பதே அது. அதற்குள் தூக்குக் கயிறு ஒருவர் தலைக்குமேல் பதினைந்து ஆண்டுக்கு மேல் தொங்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2022 மே 18ஆம் நாள்தான். அந்த அதிகாரியின் மனத்தை எடைபோடுவது என் வேலையன்று. தாமதமாகவேனும் பேசியதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆனால் டிரெய்னத்துக்கும் அவருக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. டிரெய்னத்திடம் ஒளிநாடா இருந்தது. இங்கே ஓர் அதிகாரியின் நினைவும் மனச்சான்றும் மட்டுமே இருந்தன. ஓர் உயிரின் கதி இவற்றை மட்டும் நம்பியிருக்கும்படி விடுவது நியாயமா?

ஒலி, ஒளிப் பதிவுக்குச் சட்டம் வழி செய்யவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு செய்திருக்கிறது. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலியோடு கூடிய கண்காணிப்புக் கேமராக்கள் வேண்டும் என்றும் அப்பதிவுகளைப் பல மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் பொருளை எடுக்கும் காட்சி மட்டும் பதிவாகி, அந்தப் பொருள் இருக்குமிடம் யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்பது பதிவாகாவிட்டால், வாஷிங்டனில் நடந்ததை நம்மால் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் விசாரணையின் கடைசி அரைமணி நேரத்தை மட்டும் பதிவு செய்து, அதையே சான்றாகக் காட்டும் வழக்கம் இங்கே வேரூன்றிவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். முதல் வணக்கத்திலிருந்து பதிவு ஓட வேண்டும்.

நிலையத்துக்குள் கேமரா வந்தால் விசாரணை நிலையத்துக்கு வெளியே போய்விடும் ஆபத்தும் உண்டு. 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக வேலை பார்த்த இளைஞர், காரில் வைத்திருந்த நகை காணாமற்போனதாக வந்த புகாரின்பேரில் தனிப்படையினரால் அழைத்துச் செல்லப்பட்டு, கோயிலுக்குப் பின்புறமிருந்த மாட்டுக் கொட்டகையில் அடிக்கப்பட்டு உயிரிழந்தார். அந்த அடியின் காட்சியை உலகுக்குக் காட்டியது காவல் நிலையக் கேமரா அல்ல. மறைந்திருந்து ஒருவர் கைபேசியில் எடுத்த படம். வழக்கு பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. தனி மனிதர்களின் கொடூரம் என்று மட்டும் இதைப் பேசி முடித்துவிட நான் விரும்பவில்லை; அதற்குரிய தண்டனையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தத் தனிப்படையில் இருந்தவர்களுக்கு, திருட்டுச் சந்தேகம் உள்ள ஒருவரிடம் கை வைக்காமல் எப்படிக் கேள்வி கேட்பது என்று அவர்கள் பணிவாழ்வில் எப்போதாவது, யாராவது, முறையாகக் கற்றுக்கொடுத்தார்களா?

இங்கிலாந்து இதைக் கற்றுக்கொண்டது மிகுந்த அவமானத்துக்குப் பிறகுதான். 1974 குண்டுவெடிப்புகளுக்காகத் தண்டிக்கப்பட்ட கில்ட்ஃபோர்டு நால்வர் 1989இலும், பர்மிங்காம் அறுவர் 1991இலும் விடுதலை ஆனார்கள். ஒப்புதல்களை நம்பிக் கொடுக்கப்பட்ட தீர்ப்புகள் அவை. அதையடுத்து 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டுக் காவல்துறை பீஸ் (PEACE) என்று அழைக்கப்படும் முறையை வகுத்து நாடு முழுவதும் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. முன்கூட்டியே ஆயத்தம் செய்வது, எதிரே இருப்பவருக்கு நடைமுறையை விளக்குவது, இடைமறிக்காமல் அவர் சொல்வதைக் கேட்பது, அதன்பின் கையில் உள்ள சான்றுகளோடு முரண்படும் இடங்களை ஒவ்வொன்றாக முன்வைப்பது, முறையாக முடிப்பது, முடித்தபின் தன் விசாரணையைத் தானே மதிப்பிடுவது என்று அது செல்கிறது. நார்வேயில் இதை ஏற்று வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஆஸ்பியோர்ன் ராக்லேவ் என்ற துப்பறிவாளர். கொலை வழக்குகளை விசாரித்தபடியே முனைவர் பட்டமும் பெற்றவர். ஐஸ்லாந்தைச் சேர்ந்த கிஸ்லி குட்யோன்சன் இளமையில் ரெய்க்யவிக் நகரில் துப்பறிவாளராக இருந்தபோது, நடக்காத ஒரு திருட்டுக்கு ஒருவரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டார். அந்த அனுபவம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. பின்னாளில் பொய் ஒப்புதல் ஆய்வில் உலகின் முதன்மையான அறிஞர்களுள் ஒருவரானார். இவர்கள் எல்லாரும் காவல்துறைக்கு உள்ளிருந்து வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். சீர்திருத்தத்தை வெளியிலிருந்து எங்களைப் போன்றவர்கள் திணிக்க வேண்டியதில்லை. நன்றாக விசாரிக்கத் தெரிந்த அதிகாரியின் மனத்திலேயே அது முளைக்கிறது.

அமெரிக்காவில் நெடுங்காலம் கோலோச்சியது வேறொரு முறை. சிகாகோ காவல்துறையில் பணியாற்றிய ஜான் ரீட் உருவாக்கியது அது. குற்றவாளி இவர்தான் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, மறுப்பை வெட்டி, சாக்குப்போக்கு ஒன்றை நீட்டி, ஒப்புதலை நோக்கி நகர்த்துவதே அதன் போக்கு. அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த 1955 நெப்ராஸ்கா வழக்கில் தன் மனைவியைக் கொன்றதாக ஒப்புக்கொண்ட டாரல் பார்க்கர் குற்றமற்றவர் என்று அந்த மாநில அரசு 2012இல் அறிவித்து மன்னிப்புக் கேட்டது. மரபணுச் சோதனையால் அமெரிக்காவில் விடுதலையானவர்களுள் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். அடியில்லாமலே இவ்வளவு என்றால், அடியும் சேர்ந்தால் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணவே நடுக்கமாக இருக்கிறது.

உங்கள் தரப்பு இடர்ப்பாடுகளை நான் அறியாதவனல்லன். கைது செய்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். நகை பறிபோனவர் ஒருபக்கம், மேலதிகாரி மறுபக்கம், தொலைக்காட்சி இன்னொரு பக்கம் என நெருக்குகிறார்கள். அதிகாலை வழக்கைப் பதிவு செய்த ஆய்வாளர் மாலையில் அமைச்சர் வருகைக்குப் பந்தோபஸ்து நிற்கிறார். சட்டம் ஒழுங்கையும் புலனாய்வையும் பிரிக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இதை உணர்ந்துதான். ஆனால் இந்த நெருக்கடி எல்லாவற்றுக்கும் ஆயத்தமே மருந்து. ஸ்மித் அந்த அறைக்குள் நுழையும்போது, சக்கரத் தடம் முன்பே ஆராயப்பட்டிருந்தது; ஒப்பிட்டுப் பார்க்கக் காலணித் தடத்தின் படமும் கையில் இருந்தது. கர்னலின் வீடுகளைச் சோதனையிடவும் ஏற்பாடாகியிருந்தது. பத்து மணி நேரத்தில் முடிந்தது அதனால்தான். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய வழக்குகளில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வர வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தடயங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் அதிகாரிக்கு லத்தி எதற்கு?

நம் நிலையங்களிலும் கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். க்ரைம் டீமில் வயதான ஏட்டு ஒருவர் இருப்பார். பழைய குற்றவாளிகளின் குடும்பம், பழக்கம், அடகுக் கடை, யாருக்கு யார் உறவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தேநீர் வாங்கிக் கொடுத்து, பிள்ளைகள் படிப்பைக் கேட்டு, பொய்யை அவிழ்த்துவிடுவார். குறுக்கு விசாரணைக்கூண்டில் அத்தகையவர் நின்றால் எங்களுக்கே வேலை கடினம். அவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சான்று இருக்கும். அவருக்கு என்ன பதவி உயர்வு கிடைத்தது? அவர் அறிந்தது யாருக்குப் பாடமாயிற்று? ஓய்வுபெறும் நாளில் மாலை போட்டு அனுப்புவதோடு அந்த அறிவு துறையைவிட்டே போய்விடுகிறது. அத்தகையவர்களை உங்கள் பயிற்சியகத்துக்கு ஆசிரியர்களாக அழையுங்கள் என்பது என் முதன்மையான வேண்டுகோள். விசாரணை அலுவலர் என்பதைத் தனித்தேர்ச்சியாக ஏற்று, பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உட்படுத்தி, அதில் சிறந்தவர்கள் அதிலேயே உயர்ந்துசெல்ல வழி அமைக்கும்படி உள்துறைக்குப் பரிந்துரை அனுப்புங்கள். எத்தனை ஒப்புதல் வாங்கினார் என்று கணக்கெடுக்காமல், அவர் விசாரித்த வழக்குகளில் சான்று எத்தனை நீதிமன்றத்தில் நிலைத்தது என்று பாருங்கள். தவறான ஆள் என்று கண்டு எத்தனை பேரை அவரே விடுவித்தார் என்பதையும் அவருடைய பெருமைக்குரிய கணக்கில் சேருங்கள்.

வகுப்பறையில் செய்யக்கூடியது ஒன்று உடனடியாகவே உண்டு. பயிற்சி உதவி ஆய்வாளர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, ஒரு கற்பனைக் குற்றத்தின் விவரங்களை ஒருவருக்கு மட்டும் கொடுத்து, விவரம் தெரியாத மற்றவரை அவர் விசாரிக்கும்படி செய்து முழுவதையும் பதிவு செய்யுங்கள். பின் அந்தப் பதிவை எல்லாரும் சேர்ந்து பார்த்து, எந்த விவரம் எந்தக் கேள்வியின் வழியே கசிந்தது என்று நேரத்தோடு குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தம் குரலிலேயே அந்தக் கசிவைக் கேட்ட அதிகாரி அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார். டிரெய்னத்துக்கு அது பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. உங்கள் மாணவர்களுக்குப் பணியில் சேருமுன்பே கிடைக்கட்டும்.

இந்தப் பயிற்சிக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர் வேண்டுமென்றால், ஊதியம் எதுவும் பெறாமல் வந்து, பயிற்சி அதிகாரிகளின் விசாரணைப் பதிவுகளை நீதிமன்றத்தில் செய்வதுபோலவே குறுக்கு விசாரணை செய்து காட்ட ஆயத்தமாக இருக்கிறேன். என்னைப்போல் இன்னும் பலரும் வருவார்கள். அரசு வழக்கறிஞர்களையும், ஓய்வுபெற்ற அமர்வு நீதிபதிகளையும், மேலே சொன்ன க்ரைம் ஏட்டுகளையும் அதே மேசையில் அமர்த்துங்கள். அடுத்த அணியினரின் பாடத்திட்டத்தில் இதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க இயலும் என்பதையும், விசாரணையை முதல் நொடியிலிருந்து பதிவு செய்வதற்கான நிலையாணை ஒன்றை வரைந்து தலைமையகத்துக்கு அனுப்ப இயலுமா என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்
மதுரை